ரோல் நம்பரை வைத்து இணை சேர்க்காதீர்கள்: கல்லூரி மென்டார் திட்டத்துக்கு ஒரு செய்முறை

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மென்டார் (வழிகாட்டி) பட்டியல் என்று ஒன்று இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதத்தைக் காட்ட வேண்டும். அதற்காக ரோல் நம்பர் 1 முதல் 20 வரை ஓர் ஆசிரியருக்கு, 21 முதல் 40 வரை இன்னொருவருக்கு என்று பிரித்து, நோட்டில் கையெழுத்து வாங்கி அடுக்கிவிடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு அதற்கான வேலை உண்டு. இங்கே சொல்லப்போவது வேறு திட்டம். படிப்பை முடித்து வேலைக்குப் போன முன்னாள் மாணவர் ஒருவரும், இப்போது படிக்கும் மாணவர் ஒருவரும் ஒரு கல்வியாண்டு முழுக்கத் தனியாகப் பேசிப் பழகுவது. அதில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

கணக்குக்கு ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்டது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள், தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த 60 பேரில் கணிசமாக இருப்பார்கள். அரியரை (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடத்தை) எப்படித் திட்டமிட்டு எழுதி முடிப்பது, இன்டர்வியூவில் தெரியாத கேள்விக்கு என்ன சொல்வது, வேலையா மேற்படிப்பா என்று வீட்டில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் கேட்க இவர்களுக்குத் தெருவில்கூட ஆள் இருக்காது. அந்த ஆளாகத்தான் வழிகாட்டி வருகிறார். தப்பான ஆள் வந்தால், ஆளே வராததைவிட மோசமாகிவிடுவதும் உண்டு. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

பெரும்பாலான ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் செய்யும் தவறு, ஒரே துறையைச் சேர்ந்தவர்களை இணைப்பது. மெக்கானிக்கலுக்கு மெக்கானிக்கல், ஈசிஇக்கு ஈசிஇ. பார்க்க ஒழுங்காக இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருப்பவர், டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுத நினைக்கும் மெக்கானிக்கல் மாணவிக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்? தேவை பொருந்த வேண்டும், சந்திக்கும் நேரம் பொருந்த வேண்டும். படித்த துறை பொருந்த வேண்டியதில்லை.

நாள்காட்டியை முதலில் பாருங்கள்

இணைகளை ஆகஸ்ட் நடுவில் அறிவிக்கும்படி திட்டமிடுங்கள். படிவங்கள் ஜூலை மூன்றாம் வாரம் போக வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் எல்லாம் திரும்பி வர வேண்டும். அக்டோபரில் தொடங்கினால் ஆயுதபூஜை, தீபாவளி, இன்டெர்னல், நவம்பர் செமஸ்டர் தேர்வு என்று வரிசையாக வந்து, இரண்டாம் சந்திப்பே ஜனவரிக்குத் தள்ளிப்போகும். அதற்குள் இருவருக்கும் முகம் மறந்துவிடும்.

முடிவை மார்ச் நடுவில் வையுங்கள். வங்கியிலும் கணக்குத் துறையிலும் இருப்பவர்களுக்கு மார்ச் 31 நெருங்க நெருங்க மூச்சுவிட நேரம் இருக்காது. மாணவர்களுக்கும் ஏப்ரலில் தேர்வு நெருங்கிவிடும். இரு வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிடம் என்று கணக்கிட்டால், தேர்வு வாரங்களும் பண்டிகை விடுமுறைகளும் போக ஏறத்தாழ 12 சந்திப்புகள் கிடைக்கும். வழிகாட்டிகளிடம் கேட்கும்போதே இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது பேசினால் போதும்' என்று சொல்லி ஆள் சேர்த்தால் நிறையப் பேர் வருவார்கள். நவம்பரில் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

எத்தனை வழிகாட்டிகள் வேண்டும்

60 மாணவர்களுக்கு 70 வழிகாட்டிகள். ஒருவருக்கு ஒரு மாணவர்; முன்பே ஓராண்டு செய்து பழகியவருக்கு மட்டும் இரண்டு பேர் வரை தரலாம். மிச்சம் இருக்கும் 10 பேர் காத்திருப்போர். இந்தப் பத்தையும் தொடக்கத்திலேயே பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை வரும், சும்மா உட்காரவைப்பது மரியாதை இல்லை என்றும் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். வேலை மாற்றம், பிரசவம், வெளிநாட்டுப் பயணம் என்று ஒவ்வோர் ஆண்டும் சிலர் விலகத்தான் செய்வார்கள். அன்றைக்கு மாற்று ஆள் கையில் இல்லாவிட்டால், கைவிடப்பட்ட மாணவர் கைவிடப்பட்டவராகவே இருந்துவிடுவார். காத்திருப்போரிடம் சேரும்போதே இதைச் சொல்லிவிட்டு, அவர்களை ஒரு மாதிரி நேர்காணல் நாளுக்கோ ஒரு பயிலரங்குக்கோ அழைத்துத் தொடர்பில் வைத்திருங்கள்.

வழிகாட்டியாக வரக் கூடாதவர்கள் இருவகை. அந்த மாணவருக்கு மதிப்பெண் போடுகிறவர், அதாவது வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், லேப் பொறுப்பாளர். இன்டெர்னல் மார்க் கையில் வைத்திருப்பவரிடம் எந்த மாணவரும் 'எனக்குப் பாடம் புரியவில்லை' என்று மனம் திறந்து சொல்ல மாட்டார். இன்னொரு வகை, தன் நிறுவனத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ ஆள் பிடிக்க வருகிறவர். கோடிங் வகுப்பு நடத்துபவர் அன்பானவராகவே இருக்கலாம். ஆனாலும் மூன்றாம் சந்திப்பில் கட்டண விவரம் வந்து நிற்கும்.

போஸ்டருக்குப் பெரிய பெயர் வேண்டும் என்று 25 ஆண்டு அனுபவம் உள்ள வைஸ் பிரசிடென்ட்களைச் சேர்ப்பதிலும் யோசனை தேவை. அவர்களை ஒரு மேடைப் பேச்சுக்கு அழைக்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு, கல்லூரியை விட்டு 3 முதல் 8 ஆண்டு ஆனவர்தான் பெரும்பாலும் சரியான ஆள். இன்றைய ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு எப்படி இருக்கும் என்று அவர் தன் கையால் எழுதிப் பார்த்திருப்பார். சொந்தத் தொழில், ஆராய்ச்சி, குடும்பத் தொழிலை ஏற்று நடத்துவது போன்ற தேவைகளுக்கு மட்டும் மூத்தவர்களைத் தேடுங்கள்.

படிவத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

இணை சேர்ப்பதன் தரம் படிவத்தின் தரத்தைத் தாண்டிப் போகாது. கூகுள் ஃபார்ம் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், எதில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்று மேலேயே குறிப்பிடுங்கள். மாணவர் 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

மாணவரிடம் 'உங்கள் இலக்கு என்ன' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'நல்ல வேலை' என்று எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாறாக, தேவைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதில் மூன்றை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பட்டியல் இப்படி இருக்கலாம்:

- அரியரை எழுதி முடிப்பது, படிக்கும் முறை
- ஆங்கிலத்தில் பேசப் பழகுவது
- இன்டர்வியூ, ரெஸ்யூமே
- எந்த வேலை, எந்தத் துறை என்று புரிந்துகொள்வது
- கேட் (GATE) தேர்வு, மேற்படிப்பு, வெளிநாட்டுப் படிப்பு
- டிஎன்பிஎஸ்சி, வங்கி, ரயில்வே போன்ற போட்டித் தேர்வுகள்
- புராஜெக்ட் செய்வது, தொழில்நுட்பத் திறன்
- சொந்தத் தொழில்
- வீட்டில் பேசிப் புரியவைப்பது, கல்விக் கடன், பண நெருக்கடி

இதே பட்டியலை வழிகாட்டியிடமும் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று எண் போடச் சொல்லுங்கள். தானே கடந்து வந்தது அல்லது பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியது என்றால் 2. ஓரளவு பேச முடியும் என்றால் 1. தெரியாது என்றால் 0. அத்தனைக்கும் 2 போடுகிறவர்கள் வருவார்கள். அதைத் தடுக்க, மூன்றுக்கு மேல் 2 போடக் கூடாது என்று விதி வையுங்கள். இந்த ஒரு விதி படிவத்தை உண்மையாக்கிவிடும்.

அடுத்தது நேரம். வாரத்தின் ஏழு நாளும் காலை, மாலை, இரவு என்று 21 கட்டங்கள் போட்டு இருவரும் டிக் செய்யட்டும். 'வார இறுதியில் வசதி' என்று பொதுவாக எழுதும்படி விடாதீர்கள். ஞாயிறு காலை என்பது வழிகாட்டிக்குக் குடும்ப நேரமாக இருக்கலாம். மாணவருக்கு ஹாஸ்டலில் துணி துவைக்கும் நேரமாகவும், தோட்ட வேலைக்குப் போகும் நேரமாகவும் இருக்கலாம். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு மாலை என்பதே கிடையாது. மாணவரிடம் இன்னும் இரண்டு கேள்வி: போன் சொந்தமா, வீட்டில் பகிர்ந்துகொள்வதா? வீட்டில் தனியாக உட்கார்ந்து பேச இடம் உண்டா? இல்லை என்றால், அவருக்கு ஏற்ற நேரம் கல்லூரி முடிந்து பஸ்ஸுக்கு முன் உள்ள அரைமணிதான். கல்லூரி ஒரு அறையைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இவை ஆண்டு முழுக்க மாறாது. நியூயார்க் பக்கம் கோடையில் ஒன்பதரை மணி, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் பத்தரை மணி வித்தியாசம். நமக்கு ஞாயிறு மாலை 7 மணி என்று வைத்த சந்திப்பு, அங்கே காலை 9.30-இலிருந்து 8.30-க்கு நகர்ந்துவிடும். அமெரிக்க இணைகளுக்கு நவம்பர் தொடக்கத்தில் நினைவூட்டுங்கள்.

பேசும் மொழி, நேரிலா போனிலா, பெண் வழிகாட்டிதான் வேண்டுமா என்ற விருப்பம், யாரோடு இணைக்கக் கூடாது என்பதற்கு ஒரு காலி வரி, பள்ளியில் படித்த மொழி, முதல் பட்டதாரியா, ஹாஸ்டலா, எப்போதாவது அரியர் இருந்ததா, போக விரும்பும் துறை, பொழுதுபோக்கு. மாணவருக்கு இவ்வளவு போதும். வழிகாட்டியிடமும் இதே பின்னணிக் கேள்விகளைக் கேளுங்கள். தனக்கும் அரியர் இருந்தது என்று எழுதத் துணியும் வழிகாட்டி கிடைத்தால், அவர் பெரிய சொத்து.

சாதியைக் கேட்காதீர்கள், அதைக் காட்டிக்கொடுக்கும் எதையும் கேட்காதீர்கள். தெருப் பெயர், தந்தையின் தொழில், உதவித்தொகை வகை எதுவும் படிவத்தில் வேண்டாம். மாவட்டம் போதும். சில முன்னாள் மாணவர்கள் 'நம்ம ஊர்ப் பையனாகப் பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்பார்கள். சில நேரம் அது வெறும் ஊர்ப்பாசம், சில நேரம் அதற்குள் வேறொன்று இருக்கும். உங்களால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஊர் பார்த்து இணைப்பதில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டு இணைகள் கிடைக்கும்வரை மாணவர் பெயருக்குப் பதில் எண் மட்டும் தாளில் இருக்கட்டும்.

முதலில் கழியுங்கள், பிறகு மதிப்பெண் போடுங்கள்

மதிப்பெண் போடுவதற்கு முன் நடக்கவே முடியாத சேர்க்கைகளை அடித்துவிடுங்கள். நான்கு காரணங்கள்: பொதுவான நேரக் கட்டம் இரண்டுக்குக் குறைவாக இருப்பது, மாணவி பெண் வழிகாட்டி கேட்டிருக்க வழிகாட்டி ஆணாக இருப்பது, பேசும் மொழி ஒத்துவராதது, உறவு, மதிப்பெண் அதிகாரம் போன்ற முரண் இருப்பது. ஒரே ஒரு பொதுக் கட்டம் போதாதா என்று கேட்கலாம். அந்த ஒன்று ஒரு முறை தவறினால் அந்தப் பதினைந்து நாளும் போய்விடும். இரண்டு முறை தவறினால் பழக்கமே விட்டுப்போகும்.

மிச்சம் இருப்பவற்றுக்கு 100-க்கு மதிப்பெண். கீழே உள்ள பங்கீடு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொருந்தும். இறுதியாண்டு என்றால் போக விரும்பும் துறைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

தேவைக்கு 45. மாணவரின் முதல் தேவைக்கு 25, இரண்டாவதுக்கு 12, மூன்றாவதுக்கு 8. அந்தத் தேவைக்கு வழிகாட்டி 2 போட்டிருந்தால் முழுதும், 1 என்றால் பாதியும், 0 என்றால் ஒன்றும் இல்லை. நேரத்துக்கு 20: பொதுக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 5, நான்கு வரை. வந்த பாதைக்கு 20: தமிழ்வழி, முதல் பட்டதாரி, ஹாஸ்டல் வாழ்க்கை, அரியர் அனுபவம் இவற்றில் ஒத்துப்போகும் ஒவ்வொன்றுக்கும் 5. மாணவர் போக விரும்பும் துறையில் வழிகாட்டி இருந்தால் 10. படித்த துறைக்கு இதில் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். பொழுதுபோக்கு ஏதாவது ஒன்று ஒத்தால் 5.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மாணவியின் தேவைகள் இன்டர்வியூ, அரியர், மேற்படிப்பு என்ற வரிசையில் இருக்கின்றன. வழிகாட்டி அவற்றுக்கு முறையே 2, 1, 0 போட்டிருக்கிறார். 25, 6, 0 ஆக 31. பொதுக் கட்டம் மூன்று, 15. தமிழ்வழியும் ஹாஸ்டலும் ஒத்துப்போகின்றன, 10. துறை வேறு, 0. இருவரும் இறகுப்பந்து ஆடுகிறவர்கள், 5. மொத்தம் 61. நல்ல சேர்க்கைதான். 50-க்கு மேல் இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்; 40-க்குக் கீழே உள்ள எதையும் 'வேறு வழியில்லை' என்று சேர்த்துவிடாதீர்கள். அந்த மாணவருக்கு ஏற்ற ஒருவரைத் தனியாகத் தேடிப் போய்க் கூப்பிடுங்கள்.

அட்டவணையை இணைகளாக்குவது

இங்கேதான் கை தவறும். அதிக மதிப்பெண் உள்ள சேர்க்கையை முதலில் எடுப்பது, அடுத்ததை எடுப்பது என்று இறங்கினால், மேலே இருப்பவை பிரமாதமாகவும் கடைசியில் கிடப்பவை பரிதாபமாகவும் வந்து நிற்கும். அ, ஆ, இ என்று மூன்று மாணவர்கள். 1, 2, 3 என்று மூன்று வழிகாட்டிகள். அ-வுக்கு முறையே 90, 85, 40. ஆ-வுக்கு 85, 45, 30. இ-க்கு 60, 55, 50. மேலிருந்து எடுத்தால் அ-வுக்கு 1 (90), பிறகு இ-க்கு 2 (55), மிஞ்சிய ஆ-வுக்கு 3, வெறும் 30. மொத்தம் 175. இதையே அ-வுக்கு 2, ஆ-வுக்கு 1, இ-க்கு 3 என்று வைத்தால் 85, 85, 50. மொத்தம் 220, யாரும் 50-க்குக் கீழே இல்லை. அ ஐந்து மதிப்பெண் விட்டுக்கொடுத்ததில் ஆ-வின் ஆண்டு காப்பாற்றப்பட்டது.

கையால் செய்கிறவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: வாய்ப்பு குறைவாக உள்ளவரிடமிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் 50 அல்லது அதற்கு மேல் பெறும் வழிகாட்டிகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஆ-வுக்கு ஒருவர்தான், அவருக்கே முதலில். அடுத்து இரண்டு பேர் உள்ள அ. மூன்று பேரும் பொருந்தும் இ கடைசியில். ஒவ்வொரு இணை முடிந்ததும் மீண்டும் எண்ண வேண்டும், ஏனென்றால் ஒரு வழிகாட்டி போனதும் பிறரின் எண்ணிக்கை குறையும். 30 மாணவர்கள் வரை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

60 என்றால் கணினியிடம் விடுவது நல்லது. ஹரால்டு குன் 1955-இல் வெளியிட்ட ஹங்கேரியன் முறை இதற்காகவே உள்ளது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் அசைன்மென்ட் புராப்ளம் என்று மாணவர்கள் படிப்பதுதான். எக்ஸெல்லில் உள்ள சால்வர் 200 மாறிகளுக்கு மேல் எடுக்காது, 14 பேருக்கு 14 பேர் என்பதோடு நின்றுவிடும். பைத்தானில் சைப்பை நூலகத்தின் லீனியர் சம் அசைன்மென்ட் என்ற கட்டளைக்கு 60 மாணவர், 70 வழிகாட்டி அட்டவணையைக் கொடுத்தால் கண்ணிமைப்பதற்குள் விடை வரும். அது வழக்கமாகக் குறைந்த கூட்டுத்தொகையைத் தேடும். அதிகபட்சத்தைத் தேடச் சொல்ல மறந்தால் ஆகமோசமான இணைகளை அழகாக அடுக்கித் தரும். அடித்துவிட்ட கட்டங்களில் சுழியம் போடாமல், மைனஸ் 10,000 போடுங்கள். இரண்டு மாணவரை ஏற்கும் வழிகாட்டியின் பத்தியை (நெடுவரிசையை) இரண்டு முறை எழுதுங்கள். காத்திருப்போராக யாரை வைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால் அவர்கள் பத்தியை எடுத்துவிடுங்கள்.

வந்த விடையை அப்படியே வெளியிடக் கூடாது. மாணவர்களை அறிந்த ஒருவர், வழிகாட்டிகளை அறிந்த ஒருவர், இருவரும் உட்கார்ந்து ஒவ்வோர் இணையாகப் படிக்க வேண்டும். இணைக்கு ஐந்து நிமிடம், 60-க்கு ஐந்து மணி நேரம். இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் நாற்பதாவதுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் 'சரி' விழும். மதிப்பெண்ணுக்குப் பிடிபடாதவை கண்ணில் படும் இடம் இதுதான்: விடாமல் பேசும் வழிகாட்டிக்கு வாயே திறக்காத மாணவர் வந்திருப்பார், அண்மையில் தந்தையை இழந்த மாணவருக்கு வேலைப் பேச்சு தவிர வேறு பேசத் தெரியாதவர் வந்திருப்பார்.

மாணவரையும் கேளுங்கள்

டாமி ஆலன், லில்லியன் ஈபி, எலிசபெத் லென்ட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க நிறுவனங்களின் மென்டார் திட்டங்களைப் பற்றியது. இணை சேர்ப்பதில் தன் சொல்லுக்கும் இடம் இருந்தது என்று உணர்ந்தவர்களுக்கு உறவும் நன்றாக அமைந்தது என்று அது காட்டியது. எனவே மேலே வந்த விடையை இறுதி என்று வைக்காமல், ஒவ்வொரு மாணவருக்கும் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று வழிகாட்டிகளின் குறிப்பை நிறுவனப் பெயரும் பதவியும் இல்லாமல் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். நிறுவனப் பெயர் போட்டால் எல்லோரும் அந்த ஒரே பெயரில் விழுவார்கள். முதல் விருப்பத்துக்கு 10, இரண்டாவதுக்கு 5 என்று அட்டவணையில் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.

வழிகாட்டிகளைத் தேர்வு செய்ய விடாதீர்கள். ஒரு ஹாலில் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கு ஆறு நிமிடம் பேசவைத்து, இரு பக்கமும் விருப்பம் எழுதும் முறை சில இடங்களில் உண்டு. கலகலப்பாக இருக்கும். ஆனால் சரளமாக ஆங்கிலம் பேசுகிற, தயக்கமில்லாத மாணவர்களை எல்லா வழிகாட்டிகளும் கேட்பார்கள். யாருக்காக இந்தத் திட்டமோ அவர்கள் கடைசியில் நிற்பார்கள்.

அறிவிக்கும் நாள்

இருவருக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் செய்தி போக வேண்டும். ஒருவருக்கு மற்றவரின் பெயர், பேட்ச், ஏன் சேர்த்தோம் என்று இரண்டு வரி, இருவருக்கும் ஒத்துவரும் நேரக் கட்டங்கள், பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற எண். அந்த இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். 'இருவரும் தமிழ்வழியில் படித்து ஹாஸ்டலில் இருந்தவர்கள். இன்டர்வியூ பயம் பற்றிப் பேசலாம்' என்று எழுதியிருந்தால் முதல் பேச்சுக்குப் பிடி கிடைக்கும்.

முதல் அழைப்பு வழிகாட்டியிடமிருந்துதான் வர வேண்டும், பத்து நாளுக்குள். 'நீங்க எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க' என்று விட்டால் மாணவர் கூப்பிட மாட்டார். சாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம் அவருக்குள் ஆழமாக இருக்கிறது. வழிகாட்டிக்கு இப்படி ஒரு தொடக்கம் எழுதிக் கொடுங்கள்: 'வணக்கம், நான் நம்ம காலேஜ்ல 2018 பேட்ச். உங்க மென்டாரா என்னைப் போட்டிருக்காங்க. இப்ப பேச வசதியா இருக்கா, இல்ல சாயங்காலம் கூப்பிடட்டுமா?' அண்ணா, அக்கா, சார், மேடம் எது வருகிறதோ அப்படி மாணவர் கூப்பிடட்டும். வழிகாட்டி முதல் மாதமாவது 'ங்க' போட்டுப் பேசுவது நல்லது.

மாணவிகளின் வீட்டுக்கு முன்கூட்டியே தமிழில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: திட்டம் என்ன, யார் பேசுவார், எந்த நேரம், கல்லூரியில் யாரைக் கேட்கலாம். தெரியாத ஆண் குரல் இரவில் அழைத்தால் போன் பிடுங்கப்படும், சில வீடுகளில் படிப்பே கேள்விக்குள்ளாகும். சந்திப்பு கல்லூரி வளாகத்திலோ, நூலகம் போன்ற பொது இடத்திலோ இருக்கட்டும். வீட்டிலும் காரிலும் வேண்டாம். பணம் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் கூடாது. கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவின் எண் இருவர் செய்தியிலும் இருக்கட்டும். 18 வயது நிறையாத மாணவர் இருந்தால் போக்சோ சட்டம் பொருந்தும் என்பதை வழிகாட்டிகளுக்கு வாய்விட்டே சொல்லுங்கள்.

முதல் மூன்று மாதம்

ஜீன் கிராஸ்மேனும் ஜீன் ரோட்ஸும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தை ஆராய்ந்து 2002-இல் எழுதியதை ஒவ்வோர் ஒருங்கிணைப்பாளரும் மனத்தில் வைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் நீடித்த இணைகளில்தான் இளைஞர்களுக்கு அதிக நன்மை தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் அவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போனது. அவர்கள் வயதில் இளையவர்கள், வேறு நாட்டவர்கள். ஆனாலும் 'என்னிடம் பேச அவருக்குப் பிடிக்கவில்லை போல' என்று ஒரு மாணவர் நினைத்துக்கொள்வது இங்கும் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று மூன்று முறை இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 'எல்லாம் நல்லா போகுதா' என்று கேட்டால் எல்லோரும் கட்டைவிரல் காட்டுவார்கள். போனில் இரண்டே கேள்வி: கடைசியாக எப்போது பேசினீர்கள்? அடுத்து எப்போது? இரண்டாவதற்குத் தேதி வரவில்லை என்றால் அந்த இணை இறங்கத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் காரணம் பகையோ மனக்கசப்போ இருக்காது; ஒரு சந்திப்பு தவறியது, யார் முதலில் கூப்பிடுவது என்ற கூச்சத்தில் மூன்று வாரம் போயிருக்கும். நீங்களே ஒரு தேதி குறித்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வழிகாட்டி அறிவுரையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த சந்திப்புக்கு ஒரு வேலை கொடுங்கள்: ரெஸ்யூமேயை இருவரும் சேர்ந்து திருத்துவது, ஒரு மாதிரி நேர்காணல். கையில் வேலை இருந்தால் பிரசங்கம் குறையும். மாணவர் முதல் நாளே 'ரெஃபரல் கொடுங்க' என்று (தன் நிறுவனத்தில் வேலைக்குப் பரிந்துரைக்கச் சொல்லி) கேட்டு வழிகாட்டி ஒதுங்கிப்போவதும் அடிக்கடி நடக்கும். மூன்றாம் ஆண்டு முடியும்வரை ரெஃபரல் பேச்சு இல்லை என்று தொடக்கத்திலேயே விதி வைத்தால் இருவருக்கும் நிம்மதி. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றி மாணவர் பேசினால் அது வழிகாட்டி தனியே சுமக்க வேண்டிய சுமை அன்று. கல்லூரி ஆலோசகருக்கும் உங்களுக்கும் அன்றைக்கே தெரிய வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதை எல்லா வழிகாட்டிகளும் அறிந்திருக்க வேண்டும்.

பிரித்து வேறு இணை சேர்ப்பது

எட்டாம் வாரம்வரை யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், மாற்றம் கேட்கலாம் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். காரணம் கேட்டால் மாணவர் கேட்கவே மாட்டார். பெரியவரைப் பற்றிக் குறை சொன்னதாக ஆகிவிடும் என்று பயப்படுவார். பேசாமலே விட்டுவிடுவார். தவறான நடத்தை சந்தேகம் இருந்தால் மட்டும் தனியே, நிதானமாக விசாரியுங்கள்.

மாற்றத்தை ஒருங்கிணைப்பாளர்தான் இருவரிடமும் சொல்ல வேண்டும். மாணவரிடம் இப்படி: 'நாங்க சேர்த்தது சரியா அமையல, நேரம் ஒத்துவரல. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. வர்ற வியாழக்கிழமை புதுசா ஒருத்தர் உங்களைக் கூப்பிடுவார்.' புதியவர் பெயரும் நாளும் கையில் இல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். வேலை மாறி விலகும் வழிகாட்டி என்றால், அவரே கடைசியாக ஒரு முறை அழைத்து ஏன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்; பத்து நிமிடம் போதும். மாற்று வழிகாட்டியைக் காத்திருப்போரில் இருந்து அதே மதிப்பெண் முறையில் எடுங்கள். முதல் இணை எதில் இடறியதோ மதிப்பெண்ணின் அந்தப் பகுதிக்கு இம்முறை இரட்டிப்பு மதிப்பு கொடுங்கள்.

மார்ச்சில் முடிக்கும்போது ஒவ்வோர் இணைக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: மாணவர் எண், வழிகாட்டி எண், தொடக்க மதிப்பெண், நடந்த சந்திப்புகள், மாற்றம் கேட்டாரா, மாணவரின் முதல் தேவை நிறைவேறியதா என்பதற்கு ஆம், பாதி, இல்லை. பெயர் வேண்டாம். 60 வரிகள் சேர்ந்ததும் மதிப்பெண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 70 வாங்கிய இணைகள் பல முறிந்து, 50 வாங்கியவை நிலைத்திருந்தால் உங்கள் பங்கீடு தப்பு. எந்தப் பகுதியின் மதிப்பெண் முறிந்தவற்றில் உயர்ந்து நிற்கிறதோ அதைக் குறையுங்கள். அடுத்த ஜூலையில் பொறுப்பேற்பவர் வேறொருவராக இருக்கலாம். அந்த ஒரு தாளையும் காலிப் படிவத்தையும் அவர் கையில் கொடுங்கள்.